மேடைக்குப் பின்னால் வேலை செய்ய என்ன படிப்பது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பதுளைப் பிள்ளை:
உயர்தரப் பரீட்சைக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கிறேன். நடிக்க வராது, ஒளியமைப்புத்தான் பிடிக்கும். போன வருடம் கிழக்கிலிருந்து ஒரு குழு வந்து நாடகம் போட்டது. திரைக்கு உள்ளே நிற்க விட்டார்கள். ஒரு அக்கா டோர்ச்சைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பென்சில் கோடுகள் நிறைந்த பிரதியைப் பார்த்தபடி "இப்ப" என்றார். மேடை முழுக்க நீலமாகிவிட்டது. என்ன படித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "பொருளியல்" என்று சொல்லிவிட்டு வயர் சுற்றப் போய்விட்டார். அன்றிலிருந்து மண்டைக்குள் இதே குடைச்சல்தான். இதற்குப் பட்டம் தேவையா இல்லையா?

ஹட்டன் வயர்மேன்:
தங்கச்சி, கரண்ட் படி. ஒரு தோட்ட மண்டபத்தில் அபிமன்யு நாடகம். ஆயிரம் வாட் லைட் ஐந்தையும் ஒரே லைனில் மாட்டிவிட்டார்கள். 230 வோல்ட்டில் ஒன்றுக்கு 4.3 ஆம்பியர், ஐந்துக்கு 21க்கு மேல், லோட் கூடினால் கரண்டை வெட்டும் பிரேக்கரோ 16. கொஞ்ச நேரம் தாங்கியது, அபிமன்யு விழுந்ததும் அதுவும் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டால், செத்தவனைக் காணோம்! நாடகம் முடிந்தது என்று இருட்டில் எழுந்து போய்விட்டான். சுபத்திரை மட்டும் வெறும் பலகையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். தொழினுட்பப் பிரிவு 2013இலிருந்து உயர்தரத்தில் இருக்கிறதே, அதில் போயிருக்கலாம்.

கொட்டகலை டீச்சர்:
வயர்மேன் தம்பி, பிள்ளை ஏற்கெனவே கலைப்பிரிவில் இருக்கிறாள், இப்போது சொல்லி என்ன பயன்? என் மாணவன் ஒருவன் ஒப்பனை ஆசையில் போனான், இன்று நாடக ஆசிரியர். மகள், கவனமாகக் கேள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் மட்டக்களப்பில் இருக்கிறது, அங்கே நாடகமும் அரங்கியலும் பட்டமாகவே படிக்கலாம். யாழ்ப்பாணத்திலும் இந்தத் துறை உண்டு. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளியை மட்டும் நம்பாதே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்துத் தகைமைகளை வரிவரியாக வாசி. பட்டம் உனக்கு நாடக வரலாறும் பிரதி வாசிப்பும் தரும், சேர்ந்து வேலை செய்ய ஆட்களும் கிடைப்பார்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைப் பிடிக்கும் கை அங்கே தானாக வராது. அதனால் விடுமுறையில் மின் இணைப்புப் பயிற்சி ஒன்றில் என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழை எடுத்துவிடு. ஆங்கிலத்தையும் விடாதே, கருவிகளின் கையேடுகள் அதில்தான் வரும். கொஞ்சம் சிங்களமும் வேண்டும், கொழும்பில் லயனல் வென்ட் மாதிரி அரங்குகளில் வேலை செய்பவர்களோடு பேச வேண்டுமே. வீட்டில் கேட்டால் ஆசிரியர் வேலைக்கும் வழி இருக்கிறது என்று சொல், அப்பாக்கள் அதற்குத்தான் இறங்குவார்கள்.

நானுஓயா:
டீச்சர், எல்லாம் சரி. ஆனால் ஏன் எல்லாரும் மண்டபத்தையே சொல்கிறீர்கள்? மாசியில் எங்கள் தோட்ட லயத்தில் காமன் கூத்து, மன்மதன் ரதி கதை. ரதிக்கு வேடம் கட்டிய மாமா நெருப்பு வெளிச்சத்தில் பார்த்து மஞ்சளை இன்னும் கொஞ்சம் அப்பினார். "பகலில் அசிங்கமாத்தான் இருக்கும், ராவுக்கு இதான் முகம்" என்றார். அவர் எந்தக் கம்பஸ் போனார்?

கொட்டகலை டீச்சர்:
அவருக்கு யார் சம்பளம் கொடுத்தது என்றும் சொல்லுங்கள்.

ஹட்டன் வயர்மேன்:
அதுதான் கேள்வி. தங்கச்சி, அந்தப் பொருளியல் அக்கா எதை வைத்துச் சாப்பிடுகிறாராம்?

பதுளைப் பிள்ளை:
லொறியில் சாமான் ஏற்றும்போது அதையும் கேட்டேன் அண்ணா. வங்கியில் வேலையாம். மறுநாள் காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்.