புதுப்பிப்பு: பள்ளியை முடிவு செய்துவிட்டோம்

குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம், 15 வயது மகளுக்கும் 8 வயது மகனுக்கும் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டமா, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஐபி பள்ளியில் இடம் வாங்கிவிட்டோம்.

மகனைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை, எங்கும் ஒட்டிக்கொள்வான். மகள் விஷயத்தில்தான் தூக்கம் போனது. கேம்பிரிட்ஜில் அவள் வயதுக்கு வரும் ஐஜிசிஎஸ்இ பொதுவாக 14 முதல் 16 வயதுக்கான இரண்டாண்டுப் படிப்பு. நடுவில் நுழைந்தால் விட்டுப்போன முதலாண்டுப் பாடங்களையும் சேர்த்துப் படித்துத் தேர்வெழுத வேண்டும். அதை அவள் தலையில் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. ஐபியில் 16 வயதுவரை நடுநிலைத் திட்டம். அதன் கடைசி ஆண்டில் சேர்கிறாள். அதற்கடுத்து, கல்லூரிக்கு முந்தைய இரண்டாண்டு டிப்ளமோவை முதல் நாளிலிருந்தே எல்லோருடனும் தொடங்குவாள்.

“ஐபி பள்ளி என்றால் போதாது, எந்தெந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் என்று கேளுங்கள்” என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள். பொன்னான யோசனை! நாங்கள் விரும்பிய முதல் பள்ளிக்கு டிப்ளமோவுக்கு மட்டுமே அங்கீகாரம் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கட்டணத்தையும் வரிவரியாகக் கேளுங்கள்; சேர்க்கை, பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி.

இன்னொரு மகிழ்ச்சி: டிப்ளமோவில் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படிக்கவும் வழி இருக்கிறது. மகள் இப்போதே தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.