பாஸ்போர்ட்டில் வரும் ‘லெட்’ விடுவதா, தடுப்பதா?

கேட்டவர்: கோத்தகிரி ஹோம்ஸ்டே

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் கொடநாடு போகும் ரோட்டில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். படித்தது தமிழ் மீடியம். ஆங்கிலம் எல்லாம் வருகிறவர்களிடம் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டதுதான்.

போன மாதம் வாசலுக்கு ஒரு போர்டு எழுத வைத்தேன். இங்கே இருட்டினால் சிறுத்தை நடமாட்டம் உண்டு, முதலில் தூக்குவது நாயைத்தான். வெளியூர்க்காரர்கள் காரில் நாயை ஏற்றிக்கொண்டு வந்து, ராத்திரி தோட்டத்தில் அவிழ்த்துவிடுகிறார்கள். அதனால் ‘டாக்ஸ் ஆர் நாட் லெட் டு என்டர்’ என்று எழுதச் சொன்னேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் படம் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன தப்பு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

அது ஆறுவதற்குள் பையனுக்குப் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சடித்திருக்கிறதே, அதில் முதலில் ‘அலவ்’ வருகிறது, கொஞ்சம் தள்ளி ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ என்று வருகிறது. பையன் கேட்கிறான்: “லெட் என்றால் விடு. வித்தவுட் லெட் என்றால் விடாமல். விடாமல் எப்படிம்மா போக விடுவார்கள்?” எனக்குப் பதில் தெரியவில்லை. லெட், அலவ், பெர்மிட் மூன்றில் எதை எங்கே போடுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: கூடலூர் டிரைவர்

அக்கா, இலக்கணம் வாத்தியார்கள் வந்து சொல்லட்டும். என்னைக் கேட்டால் பெர்மிட் என்பது காகிதம், லெட் என்பது கேட்டில் நிற்கிற ஆள். முதுமலை தாண்டிப் பந்திப்பூர் ரோட்டில் 2009-இலிருந்து ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி போகக் கூடாது. என்னிடம் பெர்மிட் பக்காவாக இருக்கும். 9.05-க்குப் போய் நின்றால் விட மாட்டார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் அதை விடுவார்கள். அப்புறம் 2024 மே 7-இலிருந்து ஊட்டிக்கு வருகிற வெளி வண்டிக்கு இ-பாஸ் வேறு. நம் டிஎன் 43 வண்டிக்கு அது வேண்டாம்.

ஒரு தடவை சவாரி வந்த பெரியவர் சொன்னார்: காகிதத்தைச் சொல்லும்போது ‘பெர்’ரில் அழுத்தணுமாம், அனுமதிப்பதைச் சொல்லும்போது ‘மிட்’டில் அழுத்தணுமாம். நான் இன்னும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன்.

பதில்: குன்னூர் பழைய வாத்தியார்

தங்கச்சி, உங்கள் பையன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தினேன், ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை.

லெட் என்பது ஒரு சொல் மாதிரித் தெரிகிற இரண்டு சொல். பழைய ஆங்கிலத்தில் உச்சரிப்பே வேறு வேறு. ஒன்றுக்கு விடுதல் என்று பொருள். மற்றொன்றுக்குத் தடுத்தல், தாமதப்படுத்தல். நேரமாகிவிட்டால் லேட் என்கிறோமே, அது இந்த இரண்டாவதன் உறவு. போகப்போக இரண்டும் ஒரே ஒலி, ஒரே எழுத்து ஆகிவிட்டன. ஒரே சொல்லால் விடு என்றும் தடு என்றும் சொன்னால் யாருக்குப் புரியும்? தடுப்பது பேச்சிலிருந்து ஒதுங்கிவிட்டது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் இன்னும் இருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், தமிழில் ‘தடைசெய்கிறவன்’ என்று வருகிற இடத்தில் அங்கே லெட். சின்ன வயதில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, அச்சுப் பிழை என்றே நினைத்தேன். இப்போது அது பிழைத்திருப்பது சட்டக் காகிதத்திலும் பாஸ்போர்ட்டிலும்தான். பையனிடம் ‘தங்கு தடையின்றி’ என்று சொல்லுங்கள். கச்சிதமாக அதே ஜோடி.

இனி போர்டு. நம் பிள்ளைகள் பாதிப் பேர் ‘லெட் மீ டு கோ’ என்றுதான் எழுதுவார்கள். தப்பு எங்கள் மேல். ‘போக’ என்றால் ‘டு கோ’ என்று மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம், ‘போக விடு’ என்று வந்ததும் அந்த டு கூடவே வந்துவிடுகிறது. லெட்டுக்குப் பின்னால் டு கிடையாது: ‘லெட் மீ கோ’. அலவுக்கும் பெர்மிட்டுக்கும் டு வேண்டும்: ‘அலவ் மீ டு கோ’. செயப்பாட்டு வினையில் லெட் வரவே வராது. அங்கே அலவ்தான். ‘டாக்ஸ் ஆர் நாட் அலவுட்’ என்று எழுதுங்கள்.

அனுமதி கொடுத்தால்தான் லெட் என்றும் இல்லை. பாலைப் பொங்க விட்டேன் என்கிறோம். பாலுக்கு யார் அனுமதி கொடுத்தது? அடுப்பைப் பார்க்காமல் இருந்துவிட்டோம், அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் அங்கே லெட். அலவ் போட்டால் கொஞ்சம் விறைப்பு. பெர்மிட் போட்டால் பால் பொங்கத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். டு லெட் போர்டும் வாடகைக்கு விடுவதுதானே. லீவுக்கும்கூட முதல் பொருள் அனுமதிதான். லீவ் லெட்டரில் கேட்பது வராமல் இருக்க அனுமதி. நாம் அதை விடுப்பு என்கிறோம், அங்கேயும் விடு வந்து நிற்கிறது பாருங்கள்.

பதில்: அருவங்காடு வாசகன்

சார், ஒரு சின்னத் திருத்தம். ‘வரவே வராது’ என்பது அதிகம். பின்னால் இன், அவுட், ஆஃப் ஒட்டினால் வரும். ‘ஹி வாஸ் லெட் இன்’ சரியான ஆங்கிலம். அக்கா ‘நாட் லெட் இன்’ என்று நிறுத்தியிருந்தால் அந்த அம்மா சிரித்திருக்க மாட்டார்.

அப்புறம், சார் சொன்ன தடுக்கிற லெட் டென்னிஸிலும் இருக்கிறது. சர்வீஸ் பந்து வலையில் உரசிவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் லெட் சொல்லி மறுபடி அடிக்க வைப்பார்கள். போனால் போகட்டும், விடு என்று சொல்வதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பதில்: குன்னூர் பழைய வாத்தியார்

தம்பி சொல்வது சரி. வகுப்பில் வேகமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

பதில்: கோத்தகிரி ஹோம்ஸ்டே

எல்லோருக்கும் நன்றி. பையன் ‘தங்கு தடையின்றி’ என்று பாஸ்போர்ட்டிலேயே பென்சிலால் எழுதப் போனான். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போர்டு எழுதுகிறவர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறார். அதனால் அலவும் வேண்டாம், லெட்டும் வேண்டாம், ‘நோ டாக்ஸ்’ என்று முடித்துக்கொண்டேன். பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு மணி அதற்குக் கீழேதான் நீட்டிப் படுத்திருக்கிறான். ஆறு மணிக்குள் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும்.