த்ராஷ் பாட்டை ஹார்ட் ராக்கா மாத்தும்போது ஏன் சப்புன்னு ஆகுது?

திருநகர்_ரிஃப்:
ரெண்டு கித்தார், பேஸ், டிரம்ஸ். சொந்தப் பாட்டு, தமிழ் வரிகள், எல்லாமே த்ராஷ் (அசுர வேக மெட்டல்), 185-200 பி.பி.எம் (நிமிஷத்துக்கு இத்தனை பீட்). மதுரைக் காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடைகள்ல கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் மெட்டல் பக்கமே வராதவங்க. மெட்டாலிக்கா பேண்டு 1988க்கும் 1991க்கும் நடுவுல த்ராஷ்ல இருந்து ஹார்ட் ராக்குக்கு மாறின மாதிரி ரெண்டு பாட்டையாவது மாத்தணும். 190ல இருந்த ஒண்ணை 120க்கு இறக்கி, கித்தார் சுருதியையும் வழக்கமான ஈ-ல இருந்து டி வரைக்கும், அதாவது ஒரு முழு டோன், இறக்கியாச்சு. 10-46 கம்பி (மெல்லிசு 0.010 இன்ச், தடிச்சது 0.046). ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கித்தார் துண்டு) அதே ரிஃப், ஆனா உயிர் இல்ல. என்ன விட்டுப்போச்சு? ரசிகர்களை இழந்த மெகாடெத் பேண்டோட 'ரிஸ்க்' ஆல்பத்தோட கதியும் வந்துரக்கூடாது.

பசுமலை_கிளிக்:
வேகம் கடைசி. மெட்டாலிக்கா முதல்ல குறைச்சது ரிஃப்போட எண்ணிக்கைய. 1988ல வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' 9 பாட்டு, 65 நிமிஷம். 1991 கறுப்பு ஆல்பம் 12 பாட்டு, 62 நிமிஷம் சொச்சம். வகுத்துப் பாருங்க, பாட்டுக்கு ரெண்டு நிமிஷம் காணாமப் போயிருக்கு. 'எண்டர் சேண்ட்மேன்' கிட்டத்தட்ட 123 பி.பி.எம், மொத்தப் பாட்டும் ஒரே ரிஃப்போட தோள்ல நிக்குது. கித்தாரிஸ்ட் கர்க் ஹாமெட் கொண்டுவந்த ரிஃப்போட தலைப்பகுதிய மூணு தடவ திருப்பி வாசிச்சுட்டு அப்புறமா வாலைப் போடலாம்னு சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிக். அந்தத் திருப்பல்தான் கேக்கறவன் காதுல ஒட்டுது.

இப்ப உங்க பாட்டு. 190ல எய்த் நோட் (அரை பீட்) 158 மில்லி செகண்டுக்கு ஒண்ணு விழும். 120ல 250. நடுவுல கூடுதலா வந்த அந்த 90 சொச்சத்துல யாராவது உக்காரணும். குரலோ, டிரம்ஸோ, நீண்டு நிக்கிற கார்டோ. நீங்க யாரையும் உக்கார வைக்கல, அதான் ஓட்டை கேக்குது.

120க்குப் போறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க: கிளிக் (தாளக் கணக்குச் சத்தம்) 190லயே இருக்கட்டும், ரிஃப்ப மாத்தாதீங்க, ஸ்னேர் டிரம்ம மட்டும் மூணாவது பீட்டுக்குத் தள்ளுங்க. உடம்புக்கு 95 மாதிரி தெரியும், கை அதே வேகத்துல ஓடும். பாதிப் பாட்டுக்கு இதுவே போதும். அதுக்கும் மசியாத பாட்டைத்தான் நெசமாவே இறக்கணும். அப்ப பழைய ஸ்கேங்க் பீட்ட, அதாவது கிக்கும் (கால் டிரம்) ஸ்னேரும் மாத்தி மாத்தி விழறத, கையோட தூக்கிருங்க. 120ல அது கல்யாண ஊர்வல பேண்டு செட்டு மாதிரி குதிக்கும். கிக் 1, 3. ஸ்னேர் 2, 4. ஹை-ஹேட்ட பாதி திறந்து வைங்க.

பாட்டுக்கு மூணு ரிஃப்புக்கு மேல வேண்டாம். வெர்ஸ்ல (சரணத்துல) ரெண்டாவது கித்தார் சும்மா இருக்கட்டும். கோரஸ் (பல்லவி) முதல் நிமிஷத்துக்குள்ள வந்துரணும். அதுல பாம் மியூட்ட (உள்ளங்கையால கம்பிய அமுக்கி வாசிக்கிறத) எடுத்துட்டு கார்ட முழுசா ஒலிக்க விடுங்க. சோலோ 8 பார் (பார்னா நாலு பீட்), மிஞ்சிப்போனா 16.

ஆறுகம்பி:
கம்பியிலயும் கோளாறு இருக்கு. ஒரு முழு டோன் இறக்கினா இழுவிசை 20 சதவீதத்துக்கு மேல குறையும். 10-46 போட்டு டி-க்கு இறக்கின கித்தார்ல தடிச்ச கம்பிய ஓங்கி அடிச்சா முதல் நொடியில சுருதி ஏறி அப்புறம் இறங்கும். ரெண்டு கித்தார் சேர்ந்து அப்படி ஆடினா கார்டு குழகுழன்னுதான் இருக்கும். 11-52 செட் போடுங்க, பழைய இழுவிசை ஏறக்குறைய திரும்பிரும். நட்டுல (கழுத்து நுனில கம்பி உக்கார்ற பள்ளத்துண்டு) தடிச்ச கம்பி மாட்டிக்கிட்டு டிக் டிக்குன்னு நழுவினா அந்தப் பள்ளத்தை லேசா அகலப்படுத்தணும், ஆழப்படுத்திரக்கூடாது. அப்புறம் பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஹார்மானிக்கையும் அழுத்தின சுரத்தையும் ஒப்பிட்டு, அழுத்தினது கூர்மையா இருந்தா சேடில (பிரிட்ஜுல கம்பியத் தாங்கற துண்டு) பின்னால நகர்த்துங்க. பேஸுக்கு 50-110.

இன்னொண்ணு, டி வரைக்கும் இறங்கியே ஆகணுமா? கறுப்பு ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு ஈ-லதான் இருக்கு. 'சேட் பட் ட்ரூ'தான் முழு டோன் கீழ. மெகாடெத் 1994 'யூத்தனேசியா'வுலயும் மெட்டாலிக்கா 1996 'லோட்'லயும் இறங்கினது அரை டோன். உங்களுக்கும் அரை டோன் போதும்னு நெனைக்கிறேன். 10-46ஓடயே சமாளிக்கலாம்.

வைகைக்கரை_பேஸ்:
பசுமலை_கிளிக் சொன்னது சரி, ஆனா பேஸ யாருமே பேச மாட்டேங்கிறீங்க (வழக்கம்போல). 'ஜஸ்டிஸ்'ல மெட்டாலிக்காவோட பேஸ் ஆள் ஜேசன் நியூஸ்டெட் வாசிச்சது காதுலயே விழாது. மிக்ஸ்ல அமுக்கினது பாதி, கித்தார் ரிஃப்ப அப்படியே ஒட்டி வாசிச்சது மீதி. கறுப்பு ஆல்பத்துக்கு பாப் ராக்ங்கறவர் தயாரிப்பாளரா வந்ததும் பேஸ் தனி ஆளா நிக்குது. மாட்லி க்ரூவோட 'டாக்டர் ஃபீல்குட்'ட 1989ல செஞ்ச ஆள் அவர், கீழ்ச்சத்தம் எங்க உக்காரணும்னு தெரிஞ்சவர். உங்க பேஸ் ரிஃப்ப விட்டுட்டு கிக்கோட சேர்ந்து மூல சுரத்துல நிக்கட்டும்.

'ரிஸ்க்' விஷயம். மெகாடெத்தோட 1997 'கிரிப்டிக் ரைட்டிங்ஸ்'ஸும் 1999 'ரிஸ்க்'கும் ஒரே தயாரிப்பாளர், டான் ஹஃப், ரெண்டும் நாஷ்வில்ல பதிவானது. முதல்ல உள்ள 'டிரஸ்ட்' அமெரிக்க மெயின்ஸ்ட்ரீம் ராக் பட்டியல்ல 5ஆம் இடம் போச்சு. ரெண்டாவது பழைய ரசிகனையும் இழந்துச்சு, புதுசா ஆளையும் பிடிக்கல. 2000 தொடக்கத்துல கித்தாரிஸ்ட் மார்ட்டி ஃப்ரீட்மேன் விலகினார், 2001 ஆல்பம் பழைய பக்கமே திரும்பிருச்சு. வேகம் காரணமில்ல. 'டிரஸ்ட்'டும் மிதவேகம்தான், ஆனா பாட்டத் தூக்குறது கித்தார். 'ரிஸ்க்'ல மேல அடுக்கின சமாச்சாரம் கூடிப்போய் கித்தார் பின்னால போயிருச்சு. 'கிரஷ் எம்' விளையாட்டு மைதானத்துல கத்துறதுக்குன்னே செஞ்ச பாட்டு, அதைத் தாங்கற ரிஃப் அதுல இல்ல. கீபோர்டு, லூப் சேர்க்கணும்னு யாராவது யோசனை சொன்னா, அதை மியூட் பண்ணிட்டு ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க. பாட்டு நிக்கலன்னா கீபோர்டு அதைக் காப்பாத்தாது.

திருநகர்_ரிஃப்:
நன்றிண்ணே. கம்பிய மாத்தாம அரை டோன்லயே வைக்கிறோம். பாடறவர் இதுவரைக்கும் ஒரே சுரத்துல கத்தினவர். கோரஸ்ல மெட்டு வச்சா வார்த்தை இழுபடுது. அதுக்கு என்ன வழி?

பசுமலை_கிளிக்:
வரிய மாத்துங்க, மெட்ட இல்ல. த்ராஷுக்கு எழுதின தமிழ் வரில குறில் நெறைய இருக்கும். 'தகர', 'உடை', 'எரி' எல்லாம் வேகத்துக்கு நல்லாக் கடிக்கும். கோரஸ்ல நீளமா பிடிக்கிற சுரத்துல குறில் வந்தா அவர் அதை நெடிலா இழுத்தாகணும், வார்த்தை சிதையும். நீளச் சுரம் விழற எடத்துல ஆ, ஓ வர்ற சொல்லா போடுங்க. உச்ச சுரத்துல ஈ வந்தா தொண்டை இறுகும். மெட்டுக்கு நாலஞ்சு சுரம் போதும், வெர்ஸ விட ஒரு மூணு சுரம் மேல ஆரம்பிக்கட்டும். வெர்ஸ்ல பழைய கத்தலே இருக்கட்டும், அப்பத்தான் கோரஸ் திறக்கும்.

கூம்புக்குழாய்:
ஒத்திகை அறையில எல்லாம் சரியா வந்து மேடையில கெட்டுப்போறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்க சவுண்ட் சர்வீஸ் பெரும்பாலும் மெல்லிசைக் குழுவுக்குப் பழகினது. கித்தார் ஆம்ப் இருக்காது, டிஸ்டார்ஷன் பெடல்ல இருந்து நேரா மிக்ஸருக்கு வயர் போட்டுருவாங்க. ஸ்பீக்கர் பெட்டி இல்லாத டிஸ்டார்ஷன் ஈ மொய்க்கிற சத்தமாத்தான் வரும். கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டிச் சத்தத்தப் போலி செய்யறது) உள்ள மல்டி எஃபெக்ட் எடுத்துட்டுப் போங்க, இல்ல சின்ன ஆம்பாவது வச்சு அதுக்கு முன்னால மைக் வைங்க.

கெயின் (டிஸ்டார்ஷன் அளவு) 8ல இருந்தா 5க்குக் கொண்டாங்க. நீண்ட கார்டுல அதிக கெயின் சுரத்தைக் கலங்கடிக்கும். மிட்ட (நடு அதிர்வெண்கள) குடையற த்ராஷ் பழக்கத்தையும் விடுங்க. 500லிருந்து 800 ஹெர்ட்ஸ் இல்லாத கித்தார் திறந்த மைதானத்துல காணாமப் போயிரும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ கித்தார வெட்டச் சொல்லுங்க, அது பேஸுக்கும் கிக்குக்கும் உள்ள எடம். பாடறவர் மைக்ல எக்கோவ அணைக்கச் சொல்லி முன்னாடியே பேசிருங்க, கேக்காம போட்டு விட்ருவாங்க.

ஜெனரேட்டர்ல ஓடற மேடைன்னா எர்த் இருக்கான்னு பாக்காம கித்தாரோட மைக்க உதட்டுல வைக்காதீங்க, சுருக்குன்னு அடிச்சா உடனே நிறுத்துங்க. ஏ.சி. அறையில சுருதி சேத்துட்டு சித்திரை வெயிலுக்கு வந்தா கம்பி சூடேறி இறங்கும். அரை மணி நேரம் முன்னாலேயே கித்தார மேடை ஓரத்து நிழல்ல வச்சுட்டு, அப்புறமா சேருங்க.