நிலவறையில் டைடோ: எங்கள் வீட்டுக் குழுவில் இன்று

*நான்:* எங்கள் 'டைடோ' ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், முதல் நாள் நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. அதனால்தான் போன் எடுக்கவில்லை அம்மா.

*அம்மா:* சாப்பிட்டாயா? கூட்டம் வந்ததா?

*நான்:* சாப்பிட்டேன். 60 நாற்காலியும் நிறைந்துவிட்டது. கீழே போக ஒரே படிக்கட்டு என்பதால் அதற்கு மேல் ஆள் விடக்கூடாது.

*பெரியம்மா:* ஓபரா என்றால் பெரிய அரங்கு, சரவிளக்கு என்று நினைத்தேன். நீ எங்கேயோ நிலவறை என்கிறாயே?

*நான்:* (படம்) சர்ச்சுக்கு அடியில் இருக்கும் அறை பெரியம்மா. செங்கல் வளைவுகள். கையைத் தூக்கினால் கூரை தொட்டுவிடும். முன்பு சவப்பெட்டிகள் வைத்த இடம்.

*அப்பா:* அப்படிப்பட்ட இடத்தில் நாடகம் போடலாமா அம்மா?

*நான்:* எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது அப்பா. லண்டனில் சர்ச்சுக்கு அடியில் அடக்கம் செய்வதை 1850களிலேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். இங்கே இருந்த பெட்டிகளையும் எப்போதோ எடுத்துவிட்டார்களாம். ஆனாலும் ஒத்திகை தொடங்கிய முதல் நாள் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றோம். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

*அப்பா:* சரி. அது போதும்.

*தம்பி:* அக்கா, கதை என்ன?

*நான்:* பர்செல் என்ற ஆங்கிலேயர் இசையமைத்த 'டைடோவும் ஈனியாஸும்'. டைடோ, வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் நகரின் அரசி. ட்ராய் நகரம் எரிந்த பிறகு கடலில் அலைந்து வந்த ஈனியாஸை விரும்புகிறாள். சூனியக்காரிகள் ஒரு பொய்த் தூதனை அனுப்பி, உடனே இத்தாலிக்குப் போ என்று கடவுளே சொன்னதாக அவனை நம்பவைக்கிறார்கள். அவன் கிளம்புகிறான், அவள் இறக்கிறாள். இந்தக் கதையை முன்பே எழுதிய ரோமானியக் கவி வெர்ஜிலின் காவியத்தில் அது நிஜமான தேவதூதன். இங்கே பொய் என்று மாற்றியதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றுமில்லாத காரணத்துக்கு ஒரு உயிர் போகிறது.

*சித்தப்பா:* அவன் போகாமல் இருந்திருக்கலாமே.

*நான்:* இருக்கிறேன் என்றுதான் கடைசியில் சொல்கிறான் சித்தப்பா. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை விட்டுப் போகலாம் என்று ஒரு தடவை உன் மனதில் வந்துவிட்டதே, அது போதும் என்கிறாள்.

*பெரியம்மா:* சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

*சித்தப்பா:* எல்லாம் சரி, இதை நல்ல அரங்கில் போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்களே? அறுபது பேருக்காக இவ்வளவு பாடா?

*நான்:* இது சின்ன இடத்துக்கு என்றே பிறந்தது மாதிரி சித்தப்பா. மொத்தமே ஒரு மணி நேரம்தான். 1689 முடிவதற்குள் லண்டன் செல்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இதை நடத்தியிருக்கிறார்கள். அப்போது பர்செலுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்சிகார்டும் (பியானோ மாதிரி பழைய வாத்தியம்) இருந்தால் போதும், வாசிக்க நாங்கள் ஆறே பேர். சூனியக்காரிகள் குகைக்குள் மந்திரம் போடும் பாட்டை எதிரொலி கேட்கிற மாதிரியே எழுதியிருக்கிறார். பாடுபவர்களில் பாதிப் பேரை இருட்டு நடைபாதையில் நிறுத்தினோம். முன்னால் சத்தமாகப் பாட, பின்னால் இருந்து அதே வரி மெதுவாகத் திரும்பி வரும். முதுகுக்குப் பின்னால் வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

*நான்:* அப்புறம் அந்தப் படிக்கட்டு. வேறு வாசலே இல்லை என்று முதலில் நொந்துகொண்டோம். எங்கள் இயக்குநர் அதையே பிடித்துக்கொண்டார். ஈனியாஸ் போகும்போது ஜனங்களுக்கு நடுவே நடந்து அந்தப் படியில் ஏறுகிறான். கல் படி, பூட்ஸ் கால். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை யாரும் வாசிக்கக்கூடாது. டைடோ திரும்பிப் பார்ப்பதில்லை, காலடியை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பெரிய அரங்கில் இது கிடைக்குமா சித்தப்பா?

*சித்தப்பா:* இல்லைதான் அம்மா. ஒப்புக்கொள்கிறேன்.

*அத்தை (லண்டன்):* நவம்பரில் இங்கே செனடாப் போர் நினைவுச் சின்னத்தில் நடக்கும் அஞ்சலியில் ராணுவ வாத்தியக் குழு வாசிக்குமே, அந்தப் பாட்டு இதில்தானே வருகிறது?

*நான்:* அதேதான் அத்தை. டைடோவின் கடைசிப் பாட்டு. நீங்கள் வீணை வாசித்தவர், உங்களுக்குச் சொன்னால் சட்டென்று பிடிபடும். அடியில் நான் செல்லோவில் (பெரிய வயலின் மாதிரி, கனத்த குரல்) வாசிப்பது ஸ, பெரிய நி, சின்ன நி, பெரிய த, சின்ன த, ப. ஒவ்வொரு அரைச் சுரமாக இறக்கம். முடித்துவிட்டு மறுபடி மேலே ஸ. இதே சுற்று 11 தடவை.

*அத்தை (லண்டன்):* மாறவே மாறாதா? தம்பூரா மாதிரியா?

*நான்:* தம்பூரா நின்ற இடத்தில் நிற்கும் அத்தை. இது ஒவ்வொரு முறையும் இறங்குகிறது. அவள் பாட்டு என் சுற்றோடு சேர்ந்து முடியாது, நான் முடிக்கும் இடத்தில் அவள் நடு வரியில் இருப்பாள். பிடித்து நிறுத்தப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும். நானோ நிற்க முடியாது.

*நான்:* நேற்று அவள் என்னிடமிருந்து இரண்டு முழ தூரம். என்னை நினைத்துக்கொள் என்ற வார்த்தை ஒரு இடத்தில் உச்சத்துக்குப் போகும். அரங்கில் அதை முழுக் குரலில் பாடுவார்கள். இங்கே நூல் மாதிரி மெல்லிசாக விட்டாள். மூச்சு இழுக்கும்போது கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் நிகழ்ச்சித் தாளை நாலாக மடித்துக் கடைசி வரை கையில் அழுத்திக்கொண்டே இருந்தார்.

*தம்பி:* தப்பு எதுவும் நடக்கவில்லையே அக்கா?

*நான்:* சுருதிதான் பாடாய்ப் படுத்தியது. எங்களுடையது ஆட்டுக் குடலில் செய்த தந்தி, ஈரம் பட்டால் சுருதி மாறிவிடும். கீழே ஈரம், கூடவே அறுபது பேர் மூச்சு. ஒவ்வொரு அங்கத்துக்கும் முன்னால் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது.

*பெரியம்மா:* கடைசியில் அவள் எப்படிச் சாகிறாள்?

*நான்:* வாள், நெருப்பு எதுவும் கிடையாது பெரியம்மா. தோழி பெலிண்டாவின் கையைக் கேட்டு அவள் மேல் சாய்கிறாள். கல்லறையில் ரோஜா தூவச் சொல்லி மற்றவர்கள் பாடுகிறார்கள். எங்களிடம் திரை கிடையாது. படிக்கட்டின் அடியில் அப்படியே கிடந்தாள். வீட்டுக்குப் போக வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். யாருமே கைதட்டவில்லை. ஒவ்வொருவராக இதழ்களை மிதிக்காமல் சுவர் ஓரமாக ஒதுங்கி ஏறினார்கள். கடைசி ஆள் போன பிறகுதான் எழுந்தாள்.

*அத்தை (லண்டன்):* இன்று எத்தனை மணிக்கு? நான் வருகிறேன்.

*நான்:* 7:30. உங்களுக்குப் படிக்கட்டுப் பக்கம் ஒரு இடம் சொல்லி வைக்கிறேன்.

*அம்மா:* அந்தப் பெண் அவ்வளவு நேரம் வெறும் கல் தரையிலா கிடந்தாள்?

*நான்:* கறுப்புத் துணிக்கு அடியில் ஒரு கம்பளி விரித்திருக்கிறோம் அம்மா.

*அம்மா:* இன்றைக்கு இரண்டாகப் போடு.