மஞ்சப்பை இருந்தால் நடக்கலாம்: ஊரடங்கில் மலை நடை, உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர், ஓட்டுப்பட்டறை

ஊரடங்கு நாட்களில் நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ இருந்தவர்கள் தினசரி நடையை எப்படிச் சமாளித்தீர்கள், வழியில் யாரிடம் மாட்டினீர்கள் என்று எழுதுங்கள். போலீஸ், காட்டெருமை, பக்கத்து வீட்டுப் பாட்டி, யாராக இருந்தாலும் சரி. நான் தொடங்கி வைக்கிறேன்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 அமலுக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பால், மளிகை, காய்கறி, மருந்து வாங்க வெளியே போகலாம். நடக்கப் போகலாமா என்பதற்கு மட்டும் பதில் இல்லை. லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள் போனில், "இங்கே ஒரு நாளைக்கு ஒரு தடவை எக்சர்சைஸுக்கு வெளியே போகலாம்னு கவர்ன்மென்டே சொல்லிடுச்சு சித்தப்பா" என்றாள். பிரான்சில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஸ்பெயினில் மே 2 வரை அதுவும் கிடையாது. நம் ஊரில் நடைக்கு அனுமதிச் சீட்டு மஞ்சப்பைதான்.

எனக்குச் சர்க்கரை உண்டு. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆக வேண்டும். வழக்கமாக நடக்கும் சிம்ஸ் பூங்கா பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் 5 முதல் கடைகள் காலை 6 முதல் மதியம் 1 வரை என்று ஆனதும், பக்கத்துக் கடையை விட்டுவிட்டு மார்க்கெட் வரை இறங்கி ஏறத் தொடங்கினேன். குன்னூரில் எங்கிருந்து கிளம்பினாலும் மார்க்கெட்டுக்கு இறக்கம்தான், திரும்பி வரும்போது வட்டியும் முதலுமாக ஏற்றம். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் மறுநாள் வெளியே போகக் காரணம் இருக்காது. ஆகவே தினம் கால் கிலோ. வீட்டில், "இன்னைக்கு என்ன, தக்காளி நடையா, வெங்காய நடையா?" என்று கேட்பார்கள்.

சோதனைச் சாவடியில் நின்ற காவலர் இளைஞர். சில நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், நேத்தும் தக்காளி, இன்னைக்கும் தக்காளி. வீட்ல வேற எதுவும் சமைக்க மாட்டாங்களா?" மருந்துச் சீட்டைக் காட்டினேன். ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, ஏழரைக்குள்ள ஏறிடுங்க. அப்புறம் ஆபீசர் ரவுண்ட்ஸ் வருவாரு." அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த இரண்டு மாதமும் நடந்தோம். உத்தரவு போட்டவர்கள் யோசிக்காததை, மழைக்கோட்டோடு ரோட்டில் நின்ற ஒருவர் யோசித்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி காட்டெருமைக்கு வருகிறேன். ஏழரைக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஆறுக்கே கிளம்ப வேண்டும். இரவெல்லாம் தேயிலைக்குள் புல் மேய்ந்த காட்டெருமைகள் சோலைக்காட்டுக்குத் திரும்புவதும் அதே நேரம்தான். ஒரு நாள் மூட்டம் அப்பிக் கிடந்தது. வளைவில் முதலில் கேட்டது புல்லை வேரோடு பிய்க்கும் சத்தம். அப்புறம் மூச்சு. மூட்டத்துக்குள் கண் பழகப் பழக, வெள்ளைக் காலுறை மாட்டியது போல நான்கு கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே கறுப்பாக ஒரு சுவர். முதுகிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தோள் உயரமே ஆறடி வரை வரும் பிராணி, எடை ஒரு டன் வரை போகும். தலையைத் தாழ்த்தாமல், பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடம்பையும் காட்டி நின்றது. எனக்குப் பின்னால் கேனோடு வந்த பால்காரர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "கண்ணைப் பாக்காதீங்க. அது இன்னும் கோபப்படல, யோசிக்குது." யோசித்து முடிக்கும் வரை இருவரும் நின்றோம். அன்றைக்குத் தக்காளி வாங்கவில்லை.

கட்டபெட்டு

ஐயா, உங்கள் பதிவைப் படித்துச் சிரித்தேன். எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நடைப்பயிற்சி என்று யாரும் தனியாகச் செய்வதில்லை. தோட்டத்துக்கு இறங்கினால் ஏறித்தான் ஆக வேண்டும். ஏப்ரல் 20 முதல் தேயிலைத் தோட்டங்களில் பாதி ஆட்களோடு வேலை செய்யலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டதால் எங்களுக்கு வெளியே போவதில் பெரிய சிக்கலும் இல்லை. எங்கள் பிரச்சினை பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள்.

என் அக்கா மகன் ஐ.டி. வேலை. பகல் முழுக்க லேப்டாப். மாலை ஆறு மணிக்கு அரை டிரவுசர், காதில் ஹெட்போன், ஓட்டம். பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள்: ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதை கரடிக்கு உரியது. கேட்கவில்லை. கரடிக்குக் கண் மந்தம், மோப்பம்தான் கூர்மை. நாம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும், தெரியாமல் பக்கத்தில் போய் நின்றால்தான் பாயும். பழைய ஆட்கள் பேசிக்கொண்டோ, தடியால் தட்டிக்கொண்டோ போவது அதற்காகத்தான். இவன் ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் ஓடுகிறான், கரடி உறுமினாலும் இவனுக்குக் கேட்காது.

எங்கள் பக்கம் கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கக் கரடி வருவது புதிதில்லை. ரேஷன் கடைக் கதவு, அங்கன்வாடிக் கதவு எல்லாம் அதன் நகக்குறி பட்டவைதான். அன்றைக்குக் கோயிலின் பின்புறம் இவன் திரும்புகிறான், அது வெளியே வருகிறது. மூக்கு முழுக்க எண்ணெய் மின்னியதாம், நாக்கால் நக்கிக்கொண்டே இவனைப் பார்த்ததாம். அவன் செய்த ஒரே நல்ல காரியம், திரும்பி ஓடாமல் முகத்தைக் காட்டியபடியே பின்னால் நகர்ந்தது. அதுவும் புத்தியால் இல்லை, கால் வரவில்லை என்று அவனே சொன்னான்.

மறுநாளிலிருந்து மாலை ஓட்டம் ரத்து. காலையில் என்னோடு தோட்டத்துக்கு வந்தான். கையில் கத்திரியைக் கொடுத்து ஒரு நிரையைக் காட்டினேன். சரிவில் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலைச் செடிக்கு இடையே நுழைத்து, குனிந்து வெட்டி, பையைத் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். அரை மணி நேரத்தில், "மாமா, ஜிம்முக்குக் காசு கொடுத்தது வேஸ்ட்" என்றான். அடுத்த அரை மணி நேரத்தில் ஆளைக் காணோம், வீட்டில் படுத்திருந்தான்.

கொடைக்கானல், மூஞ்சிக்கல்

எங்களுக்கு நடை என்றாலே ஏரிதான். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் வெட்டிய ஏரி, சுற்றி வந்தால் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். மலையில் சமதளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது மூட்டு வலிக்காரர்களைக் கேட்டால் தெரியும். முதல் ஊரடங்கில் அந்த ரோட்டில் சுற்றுலா வண்டி ஒன்றுகூட இல்லை. குதிரை இல்லை, சைக்கிள் இல்லை, சோளக் கடை இல்லை. நடக்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது, ஆனால் நடக்கத்தான் ஆள் போக முடியாது. காட்டுமாடுகள் (நீங்கள் சொல்லும் காட்டெருமைதான்) மட்டும் ஏரிக்கரையில் சாவகாசமாக நடந்தன.

நான் சொல்ல வந்தது 2021. முதல் வருடம் போலீஸ் பயம், இரண்டாம் வருடம் மூச்சு பயம். மே 15 முதல் கடைகளே காலை 6 முதல் 10 வரைதான். அம்மாவுக்குத் தொற்று வந்து வீட்டிலேயே தேறிக்கொண்டிருந்தார். மெதுவாக நடக்க வையுங்கள், நடந்த பிறகு ஆக்சிமீட்டர் வைத்துப் பாருங்கள், 94க்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். எங்கள் வீட்டு முற்றம் பத்தடி. அதற்கு மேல் படிக்கட்டு. அம்மா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், நான் விரலைப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் காலை 91 காட்டியது. எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் போனில் பதறாமல், "விரல் சில்லுனு இருக்கா? சூடு பண்ணிட்டுப் பாருங்க" என்றார். அம்மா டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து உருட்டி, விரல்களைத் தேய்த்து, மறுபடி மாட்டினார். 95. குளிரில் விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் கருவி தப்பாகக் காட்டுமாம். போதாததற்கு, ஏழாயிரம் அடி உயரத்தில் கீழே சமவெளியைவிட ஒன்றிரண்டு குறைவாக இருப்பதும் சகஜமாம். இதை மலை ஊர்க்காரர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனை வீட்டில் தூக்கம் கெட்டிருக்காது!

அப்புறம், குன்னூர் ஐயாவுக்கு ஒரு தகவல். 2021 ஜூன் 14 முதல் பூங்காக்களில் காலை 6 முதல் 9 வரை நடைப்பயிற்சிக்கு அனுமதி என்று உத்தரவு வந்தது நினைவிருக்கிறதா? 27 மாவட்டங்களுக்கு. எங்கள் திண்டுக்கல் அதில் உண்டு. தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்குக் கிடையாது, உங்கள் நீலகிரி அதில் ஒன்று. ஊட்டிக்காரர்கள் எதிலும் எங்களை முந்துவார்கள், அந்த ஒரு தடவை நாங்கள் முந்தினோம்.

சேரம்பாடி பக்கம்

நான் அப்போது பிளஸ் ஒன். எஸ்டேட் லயன் வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியது. நீங்கள் எல்லோரும் நடக்கக் காரணம் தேடியதைப் படிக்க வேடிக்கையாக இருக்கிறது. எங்களுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும், நடக்காமல் இருக்க முடியாதா என்று இருந்தது. வீட்டில் சிக்னல் கிடையாது. மேல் டிவிஷன் தாண்டி ஒரு பாறை, அங்கே மட்டும் இரண்டு கோடு வரும். காலையில் ஒரு ஏற்றம், மதியம் சாப்பிட இறக்கம், மறுபடி ஏற்றம்.

தனியாக யாரும் போகக் கூடாது. கிளம்புவதற்கு முன் அம்மா வேலைக்காட்டில் இருந்து மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று. வழியில் சாணி கிடந்தால் என் தோழிதான் முதலில் குனிந்து பார்ப்பாள். ஆவி பறந்தால் திரும்பிவிடுவோம், அன்றைக்கு ஆப்சென்ட். ஒரு தடவை ஆசிரியர், "ஏன் தினமும் மூச்சு வாங்கிக்கிட்டே ஆஜர் சொல்றே?" என்று கேட்டார். மலை ஏறி வந்தேன் என்று சொன்னதற்கு வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் யாரும் மலைக்காரர்கள் இல்லை.

கோத்தகிரி

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். "ஊரடங்கில் விலங்குகள் ஊருக்குள் வந்துவிட்டன" என்று அப்போது சுற்றிய வீடியோக்கள் எனக்கு எரிச்சல் மூட்டுபவை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை அதற்கு முன்பே தேயிலைக்குள் இருந்தது. புல்வெளியும் சோலையும் தேயிலையாகவும் தைல மரமாகவும் சீகை (வாட்டில்) மரமாகவும் மாறிய மலையில் அது எங்கேதான் மேயும்? மிச்சமிருக்கும் காட்டிலும் உண்ணிச்செடி (லாந்தானா) புகுந்து புல்லை அமுக்கிவிட்டது. ஊரடங்கில் நடந்தது ஒன்றுதான்: வண்டிச் சத்தம் இல்லாததால் ஆறு மணிக்குக் காட்டுக்குள் போக வேண்டிய மாடு எட்டு மணி வரை நின்றது. நாமும் அதே நேரத்தில் பையோடு கிளம்பினோம்.

லாங்வுட் சோலை ஓரம் என் வீடு. வாசலில் நின்றபடியே கை கால் ஆட்டுவதுதான் என் பயிற்சி. சீகாரப் பூங்குருவி சீழ்க்கை அடிப்பதை வண்டி இரைச்சல் கலக்காமல் முழுதாகக் கேட்டது அந்த ஏப்ரலில்தான். இப்போது மறுபடி காலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாயைக் கூட்டிக்கொண்டு தேயிலை ரோட்டில் போகாதீர்கள். கன்றோடு நிற்கும் காட்டெருமை மனிதனைப் பொறுத்துக்கொள்ளும், நாயைப் பொறுக்காது. நாய் பயந்து ஓடி வந்து ஒளிவது உங்கள் காலுக்கு இடையில்தான்.

ஊட்டி, காந்தல்

நாய் என்றதும் நினைவு வந்தது. சுற்றுலா நின்று ஓட்டல்கள் மூடியதும் தெரு நாய்கள் பட்டினி. ஐந்தாறு நாய்கள் கூட்டமாக வரும். ஏற்றத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு மூச்சு முட்டி நிற்கும் ஆளை அவற்றுக்கு நன்றாக அடையாளம் தெரியும். நான் பை எடுத்துப் போனது தக்காளிக்கு இல்லை, அவற்றுக்குப் போடும் பிஸ்கட்டுக்கு. என்னை எந்தக் காவலரும் தடுத்ததில்லை. நான் வருவதற்கு முன்பே நாய்கள் வந்துவிடும்.

கட்டபெட்டு

சேரம்பாடித் தங்கச்சி, பிளஸ் டூ முடித்து என்ன படிக்கிறாய் என்று எழுது.

மற்றவர்களுக்கு: மே, ஜூனில் கொழுந்து தள்ளும், ஆள் கிடைப்பதில்லை. பூங்காவில் சுற்றிச் சுற்றி நடப்பவர்கள் வரலாம். கத்திரியும் பையும் நான் தருகிறேன், கிலோவுக்குக் கூலியும் உண்டு. அக்கா மகனைக் கேட்டால் வேண்டாம் என்பான், அவனைக் கேட்காதீர்கள்.