மூன்று உருண்டை முந்திரிக்கொத்தை இரண்டு பிள்ளைகளுக்கு எப்படிப் பங்கிடுவது?

கேள்வி (நாகர்கோவில்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. தீபாவளிக்கு என் மாமியார் செய்த முந்திரிக்கொத்தில் கடைசியாக ஒரே ஒரு கொத்து மிஞ்சியிருந்தது. நம் ஊரில் வறுத்த சிறுபயறும் வெல்லமும் கலந்து உருட்டி, அதை மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து மாவில் முக்கிப் பொரிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மாமியார் அதைப் பிய்த்து, பேரனுக்கு இரண்டும் பேத்திக்கு ஒன்றும் கொடுத்து, “அவன் சின்னப் பிள்ளையல்லவா மக்களே” என்றார். மகள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. தன் உருண்டையைக் கொண்டுபோய்ப் படிக்கும் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் பார்த்தால் அதில் எறும்பு மொய்த்திருந்தது.

அதே வாரம் துபாயிலிருந்து வந்த என் கொழுந்தன், மகனுக்கு ரிமோட் கார் ஒன்றும் மகளுக்குப் பென்சில் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் எல்லாவற்றையும் சரிபாதியாகக் கொடுப்பதுதான் நியாயமா, வயதையும் தேவையையும் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாமா? பெரியவரின் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில் 1 (தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

தின்பண்டத்தையும் பரிசையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தின்பண்டம் கண்ணெதிரே பங்கிடப்படுவது. அதில் அளவு சமமாகவே இருக்க வேண்டும். மூன்றாவது உருண்டையை இரண்டாக வெட்டுங்கள். கத்தியை நீங்கள் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் வெட்டுவது என்பதை மகன் காட்டட்டும்; முதலில் எடுப்பவள் மகளாக இருக்கட்டும். அடுத்த முறை இதை மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய துண்டு அக்காவுக்குப் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை, தங்கம் நிறுப்பவரைப்போல இடம் பார்ப்பான்.

இன்னொன்று. பாயசமோ பதநீரோ கொடுக்கும்போது இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் கொடுங்கள். ஏறத்தாழ ஏழு வயதுவரை, ஒரே அளவு நீரை ஒடுங்கிய உயரமான குவளையில் ஊற்றினால் அது கூடிவிட்டதாகவே பிள்ளைகள் நம்புவார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே சோதித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் மகன் “எனக்குக் கொஞ்சம்தான்” என்று அழுதால் அது பிடிவாதம் அன்று. அவன் கண்ணுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. பேரனுக்குக் கூடுதலாகக் கொடுத்தே பழகிய பாட்டிமார் பலர் இப்படிப்பட்ட அழுகைக்கு இரங்கியவர்கள்தாம் என்பது என் எண்ணம்.

பதில் 2 (மார்த்தாண்டம் பக்கம்)

ஆசிரியை சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். அழுகைக்கு இரங்குவது மட்டும் காரணமென்றால், அழாமல் போய்ப் படுத்த பெண் பிள்ளைக்கு யார் இரங்குவது? நான் மூன்று தம்பிகளுக்கு மூத்தவள். பாத்திரம் கழுவ நான் பெரியவள், விட்டுக்கொடுக்கவும் பெரியவள், வெளியே போக அனுமதி கேட்டால் மட்டும் சின்னப் பெண். பொரித்த மீனில் நடுத்துண்டங்கள் தம்பிகளின் தட்டுக்குப் போன பிறகு, வால் துண்டம் எனக்கு வரும். அதுதான் எனக்குப் பிடிக்கும் என்று அம்மை எல்லோரிடமும் சொல்லி, கடைசியில் நானும் அதை நம்பிவிட்டேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுக்கத் தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். மீன் சட்டிக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே “வயதுக்கு ஏற்ப” என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். பள்ளி தூரம் என்பதால் மகளுக்குச் சைக்கிள் வாங்கினால், காரணத்தை இருவர் முன்னும் சொல்லுங்கள். மகனுக்கு அந்த வயது வரும்போது, அக்காவின் பழைய சைக்கிளைத் தள்ளிவிடாமல் அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கொழுந்தனிடம் அடுத்த முறை அவர் புறப்படுவதற்கு முன்பே, மகள் எதை விரும்புகிறாள் என்பதைச் சொல்லிவிடுங்கள். விலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவளை நினைத்து வாங்கியது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

பதில் 3 (பூதப்பாண்டி)

பெரியவரிடம் பேச ஒரு வழி உண்டு. சித்திரை விஷு அன்று கனி கண்டபின் எங்கள் பாட்டா கைநீட்டம் கொடுக்கும்போது, மூத்த பேத்தி முதல் தொட்டில் பிள்ளை வரை எல்லோருக்கும் ஒரே நாணயம்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். அதை மாமியாருக்கு நினைவூட்டுங்கள். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நான் நேரடியாகப் பேசாமல், என் கணவரைக் கொண்டு கைநீட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கச் செய்தேன். மாமியார் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேத்தியை அழைத்து, எறும்பு மொய்த்த உருண்டையைப் பற்றி ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் நின்றாள். மாலையில் சிறுபயறு வறுக்கும் மணம் வந்தது. அடுக்களையில் எட்டிப் பார்த்தபோது, மாமியார் உருண்டைகளை நான்கு நான்காகச் சேர்த்து மாவில் முக்கிக்கொண்டிருந்தார்.