எண்ணூர் முகத்துவாரத்துல ஃப்ளாட்ஹெட்: பிரெய்ட் எத்தனை எல்பி, லீடர் எத்தனை எல்பி? 40-ல கடி இல்ல, 16-ல அறுந்து போகுது

நெட்டுக்குப்பம்_லூர்:

அண்ணன்மாரே, ஒரு உதவி வேணும். முகத்துவாரத்துல மணல் திட்டு ஓரமா நின்னு சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் (ரப்பர் மாதிரி செயற்கை இரை) போட்டு உளுப்பாத்தி (ஃப்ளாட்ஹெட்) பிடிக்கப் பார்க்கறேன். வால்ல கறுப்புப் பட்டையும் நடுவுல மஞ்சளும் இருக்குமே, அந்த தட்டைத்தலை மீன்தான்.

செட்: 7 அடி மீடியம் லைட் ராடு, 3000 சைஸ் ரீல், 30 எல்பி (பவுண்ட்) பிரெய்ட், அதாவது பின்னல் நூல் (டப்பால தடிமன் பி.இ. 2-ன்னு போட்டிருக்கு), 7 கிராம் ஜிக்ஹெட் (எடைத்தலை வெச்ச கொக்கி), 3 இன்ச் பேடில் டெயில் லூர்.

முதல்ல 40 எல்பி ஃப்ளூரோகார்பன் லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவுல கட்டுற நரம்பு) போட்டேன். கடியே இல்ல. கடைல 16 எல்பி போடச் சொன்னாங்க, போட்டதும் கடி வந்துச்சு. ஆனா ரெண்டு நாள்ல மூணு மீன் லீடரோட போயிடுச்சு. யூடியூப்ல ஆஸ்திரேலியாக்காரங்க 10 எல்பி பிரெய்ட், 12 எல்பி லீடர்னு சொல்றாங்க. இங்க 16-ஏ தாங்கல. இப்ப 30 வாங்கலாமா?

எர்ணாவூர் பாலம்:

தம்பி, எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க.

அறுந்து திரும்பி வந்த நுனி எப்படி இருந்துச்சு? வெள்ளையா சொரசொரன்னு இருந்துச்சா, சுருள் கம்பி மாதிரி சுருண்டிருந்துச்சா, இல்ல பிளேடு போட்ட மாதிரி நறுக்குன்னு இருந்துச்சா?

எந்த இடத்துல அறுந்துச்சு? லூர் பக்கமா, பிரெய்ட் சேர்ற முடிச்சுலயா?

டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கிற இறுக்கம்) எத்தனை கிலோ? கையால இழுத்துப் பார்த்துச் சொல்லாதீங்க. வீட்டுல கொக்கித் தராசு இருந்தா, பிரெய்டை ராடு வளையம் எல்லாத்துலயும் கோர்த்து, ராடை 45 டிகிரில பிடிச்சு, தராசுல மாட்டி இழுங்க. ஸ்பூல் (ரீல்ல நூல் சுத்தியிருக்கிற உருளை) சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல காட்டுற எண்ணைச் சொல்லுங்க. ரீல்லேர்ந்து நேரா இழுத்தா எண் கம்மியா காட்டும், வளையத்துல ஏற்படுற உராய்வு அதுல சேராது.

நெட்டுக்குப்பம்_லூர்:

பார்த்துட்டேன் அண்ணா. ரெண்டு தடவை லூர் பக்கம் அறுந்தது. நுனிலேர்ந்து ஒரு நாலு விரல்கடை நீளத்துக்கு லீடர் வெள்ளையா, உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி இருக்கு. நகத்தால தடவினா தடுக்குது. மூணாவது நுனி பன்னிவால் மாதிரி சுருண்டிருக்கு, சொரசொரப்பே இல்ல.

டிராக் தராசுல 3.2 கிலோ காட்டுது.

எர்ணாவூர் பாலம்:

அப்ப உங்களுக்கு ஒண்ணு இல்ல, மூணு பிரச்சனை. லீடர் எண்ணை மாத்தினா மட்டும் தீராது. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

வெள்ளையா உரசின நுனி மீனோட வேலை. இந்த மீனுக்கு வாளை மாதிரி வெட்டுற பல்லு கிடையாது. வாய்க்குள்ள பட்டை பட்டையா பொடிப் பல்லு, அரம் மாதிரி. தூண்டில் மாட்டினதும் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லீடர் அந்த அரத்துல தேயும். லூரை முழுசா முழுங்கிட்டா நாலு விரல்கடை லீடரும் வாய்க்குள்ளதான். உங்க நுனி அப்படியே அதைத்தான் சொல்லுது.

இப்ப கணக்கு. 16 எல்பி ஃப்ளூரோ தடிமன் கிட்டத்தட்ட 0.33 மி.மீ. (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்). சுத்திலும் 0.05 மி.மீ. தேஞ்சுடுச்சுன்னு வெச்சுக்குங்க. மிச்சம் 0.23. பலம் குறுக்குவெட்டுப் பரப்புல இருக்கு, அதனால பாதிக்கும் கீழ போயிடும். 16 எல்பின்னா 7.2 கிலோ, தேஞ்ச பிறகு 3.5 கிலோ. முடிச்சுகிட்ட தேஞ்சிருந்தா அதுலயும் ஒரு பங்கு போகும், மூணு கிலோவுக்கும் கீழ நிக்கும். உங்க டிராக் 3.2. மீன் தலையை ஆட்டும்போது டிராக் கழலுறதுக்கு முன்னாடியே லீடர் போயிடும். போகாம இருந்தாதான் அதிசயம்.

டிராக்கை 1.2 கிலோவுக்குக் கொண்டு வாங்க, அதிகபட்சம் 1.5. அதே 16 எல்பி, அதே அளவு தேஞ்சாலும் ரெண்டு மடங்கு பலம் மிச்சம் இருக்கும். மணல்ல இருக்கிற மீன், ஓடிப்போய் ஒளிஞ்சுக்க கல்லு கிடையாது. ஒரு ஓட்டம் ஓடிட்டு தரையோட ஒட்டிக்கும். விட்டு விட்டு இழுத்தா வந்துடும்.

இதோட லீடரையும் 20 எல்பி ஆக்கிடுங்க. 0.37 மி.மீ. இருக்கும். 0.33-லேர்ந்து 0.37 பார்க்க ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும், ஆனா சதை கால் பங்கு அதிகம். அதே மாதிரி தேஞ்சாலும் 4.8 கிலோ நிக்கும். கடி குறையாது.

இன்னொண்ணு, ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லூர்லேர்ந்து ஒரு சாண் லீடரை கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உருவிப் பாருங்க. எங்கயாவது தடுக்கினா அந்த இடத்துக்கு மேல வெட்டிட்டு மறுபடி கட்டுங்க. "இன்னும் ஒரு வீச்சு தாங்கும்"னு விட்டா, அடுத்து வர்ற பெரிய மீன்தான் அறுத்துட்டுப் போகும்.

கத்திவாக்கம் கரை:

மூணாவது நுனிக்கு நான் சொல்றேன். சுருண்டு வந்தா அது அறுந்ததே இல்ல, முடிச்சு நழுவியிருக்கு. ஃப்ளூரோ நைலான் நரம்பு மாதிரி மெத்துன்னு இருக்காது, விறைப்பு. காயாம எச்சில் போட்டு, மெதுவா, ஒரே சீரா இழுக்கணும். சுண்டி இழுத்தா உரசல் சூட்டுல முடிச்சுகிட்டயே வெள்ளை படியும், அது செத்த முடிச்சு. வாலை ஒட்ட வெட்டாதீங்க, 2 மி.மீ. விடுங்க.

என்ன முடிச்சு போட்டீங்க? கிளின்ச்னா (கண்ணோட ஒட்டி இறுக்குற முடிச்சு) அதை விட்டுட்டு லூப் முடிச்சுக்கு மாறுங்க. லீடர்ல ஒரு சாதா முடிச்சை இறுக்காம போட்டு, நுனியை ஜிக்ஹெட் கண்ணுல விட்டு, திரும்ப அந்த முடிச்சு வழியா வந்த பக்கமாவே வெளிய எடுத்து, லீடரோட நீளப் பக்கத்தைச் சுத்தி 20 எல்பிக்கு 4 சுத்து (40-க்கு 3 போதும்), மறுபடி அதே முடிச்சுக்குள்ள விட்டு இறுக்கணும். சுண்டுவிரல் நகம் அளவு வளையம் நிக்கணும். ஜிக்ஹெட் அதுல தாராளமா ஆடும், தடிச்ச லீடர் போட்டாலும் லூர் செத்த மாதிரி வராது.

நெட்டுக்குப்பம்_லூர்:

கிளின்ச்தான் அண்ணா, 4 சுத்து. வாலையும் ஒட்ட வெட்டிட்டேன். மூணாவது பிரச்சனை என்ன?

எர்ணாவூர் பாலம்:

உங்க பிரெய்ட். 40 எல்பி லீடர்ல கடி வராததுக்கு லீடர் மேல பழி போடுறீங்க. எனக்குப் பாதி சந்தேகம் பிரெய்ட் மேல.

பி.இ. 2-ன்னா 0.235 மி.மீ. பி.இ. 1-ன்னா 0.165. முகத்துவாரத்துல தண்ணி வத்துற நேரம் ஓட்டம் குறுக்கே இழுக்கும், தடிச்ச பிரெய்ட் பட்டம் நூல் மாதிரி வில்லா வளைஞ்சு 7 கிராம் ஜிக்கைத் தரைலேர்ந்து தூக்கிடும். உளுப்பாத்தி மணலுக்குள்ள புதைஞ்சு, கண்ணு மட்டும் வெளிய வெச்சுட்டுக் கிடக்கிற மீன். தலைக்கு மேல ஒரு முழம் தள்ளிப் போற லூரை எல்லா நேரமும் எழுந்து வந்து கடிக்காது. ஜிக் மணலைத் தொட்டு ஒரு பொட்டு கலங்கல் எழணும், அதைப் பார்த்துதான் பாயும்.

சோதனை சுலபம். வீசினதும் பிரெய்டைப் பாருங்க. ஜிக் தரையைத் தொட்டா லைன் சட்டுன்னு தொய்யும். ரெண்டு தடவை ராடு நுனியைத் தூக்கி விட்டா ரெண்டு தடவையும் தொய்யணும். முதல் தடவை தொய்ஞ்சு, அடுத்த தடவை தொய்யலன்னா ஜிக் தண்ணில தொங்குது. 10 கிராமுக்குப் போங்க, தண்ணி வேகமா வத்தினா 14.

பிரெய்ட் பி.இ. 0.8 அல்லது 1. அதாவது 16-லேர்ந்து 20 எல்பி. இந்த மீனுக்கு அது தாராளம். டப்பால இருக்கிற எல்பியை நம்பி வாங்காதீங்க, விலை கம்மியான பிரெய்ட்ல 20 எல்பின்னு போட்டுட்டு உள்ள பி.இ. 2 தடிமன் இருக்கும். பி.இ. எண் பார்த்து வாங்குங்க. 150 மீட்டர் போதும், அடில கொஞ்சம் நைலான் நரம்பு சுத்திட்டு மேல பிரெய்ட் ஏத்துங்க. நேரா ஸ்பூல்ல கட்டினா பிரெய்ட் மொத்தமா வழுக்கிச் சுத்தும், டிராக் கெட்டுப்போச்சுன்னு நினைப்பீங்க.

காசிமேடு ஜிக்ஸ்:

எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். அந்த இடத்துல உளுப்பாத்தி மட்டுமா கடிக்குது? அதே லூருக்கு கொடுவா வரும். 4 கிலோ கொடுவா 20 எல்பி லீடர்ல, 1.2 கிலோ டிராக்ல மாட்டினா என்ன பண்ணுவார்? கொடுவாவுக்கு கன்னத்துல செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. குதிச்சு ஒரு திருப்பு திருப்பினா முடிஞ்சுது. என் கணக்கு 30 எல்பிக்குக் கீழ இறங்கவே கூடாது.

எர்ணாவூர் பாலம்:

நியாயமான கேள்வி. என் பதில், மீனைப் பார்த்து எண் எடுக்காதீங்க, நிக்கிற இடத்தைப் பார்த்து எடுங்க.

திறந்த மணல்னா 20 எல்பி லீடர், பி.இ. 1. அங்க கொடுவா மாட்டினாலும் ஓட விடலாம், 150 மீட்டர் பிரெய்ட் இருக்கு, ஒதுங்க இடம் இல்ல. குதிக்கும்போது ராடைத் தாழ்த்தி லைனைக் கொஞ்சம் தளர விட்டா செவுள்ல உரசுறது குறையும். சில மீன் போகும், அதை ஒத்துக்கணும்.

பாலத் தூண், கருங்கல் கரை, சிப்பி ஒட்டின இடம்னா நீங்க சொல்றதுதான் சரி. அங்க 30 கூட இல்ல, 40 எல்பி லீடர் (0.52 மி.மீ. அல்லது அதுக்கு மேல), பி.இ. 1.5-லேர்ந்து 2, டிராக் 3 கிலோ, அதுக்கேத்த கனமான ராடு. சிப்பி ஓட்டுல பிரெய்ட் ஒரு தடவை உரசினா பி.இ. 1 ஆனாலும் 2 ஆனாலும் போயிடும். அதனால அங்க லீடரை ரெண்டு மீட்டர் நீளம் விடணும். தம்பி நிக்கிறது மணல்ல, அதான் 20 சொன்னேன்.

ஆஸ்திரேலியா எண்ணுக்கும் இதே பதில்தான். அவங்க பிடிக்கிற டஸ்கி ஃப்ளாட்ஹெட் வேற இனம், ஒரு மீட்டர் தாண்டியும் வளரும். அதையே 10 எல்பி பிரெய்ட்ல பிடிக்கிறாங்கன்னா படகுல, திறந்த மணல்ல, டிராக்கைத் தளர்த்தி வெச்சு, கைவலை போட்டு எடுக்கிறதாலதான். எண்ணை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டா உதவாது.

காசிமேடு ஜிக்ஸ்:

இடத்தைப் பிரிச்சுச் சொன்னா ஏத்துக்கறேன். கரைலேர்ந்து பிடிக்கிறவங்களுக்கு இன்னும் ஒண்ணு சேர்க்கறேன். கடைசி ரெண்டு மீட்டர்லதான் இந்த மீன் தப்பிக்கும். தலை தண்ணிக்கு மேல வந்ததும் வெறி பிடிச்ச மாதிரி ஆட்டும், தேய்மானம் பாதி அப்பதான் நடக்குது. ராடைத் தூக்காதீங்க. தலை தண்ணிலயே இருக்கட்டும், அலை ஏறும்போது அலையோட பின்னாடி நடந்து மணல்ல சறுக்கி ஏத்துங்க. கையால தலையைப் பிடிக்க வேண்டாம். கன்னத்துல பின்பக்கமா முள் இருக்கு, குத்தினா நல்லாவே வலிக்கும். ஈரத்துணி போட்டு அமுக்குங்க.

நெட்டுக்குப்பம்_லூர்:

ரொம்ப நன்றி அண்ணா. ரெண்டு சந்தேகம். லீடர் எவ்வளவு நீளம் விடணும்? நண்பர் ஸ்டீல் வயர் போடச் சொல்றார், அறவே அறாதாம், போடலாமா?

கத்திவாக்கம் கரை:

வயர் வேண்டாம். இந்த மீன் வெட்டாது, தேய்க்கும், அதுக்கு 20 எல்பி போதும். வயர் போட்டா சின்ன லூர் விறைச்சுடும், கடி போயிடும். நுனி நறுக்குன்னு சாய்வா வெட்டுப்பட்டு வந்தா மட்டும் யோசிங்க, அது சீலாவோ வாளையோ. லூர் வால் அரைவட்டமா கடிபட்டு வந்தா பேத்தை. பேத்தை வந்தா லீடரை மாத்தாதீங்க, இடத்தை மாத்துங்க.

நீளம் மணல்ல 1.2 மீட்டர். வீசும்போது பிரெய்ட் முடிச்சு ராடு நுனி வளையத்துக்கு வெளிய இருக்கணும், அந்தக் கணக்கு. வெட்டி வெட்டிக் கட்டி 50 செ.மீ.க்கு வந்துட்டா புதுசு போடுங்க. ஸ்விவல் (சுழலுற உலோக இணைப்பு) வேண்டாம், நேரா எஃப்ஜி முடிச்சு (பிரெய்டை லீடர் மேல பின்னிக் கட்டுறது).

எஃப்ஜிக்கு பிரெய்டை விறைப்பாப் பிடிச்சு மேலும் கீழுமா மாத்தி மாத்தி 20 சுத்து. சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பக்கத்துல பக்கத்துல படியணும். லீடரையும் பிரெய்டையும் சேர்த்து ரெண்டு அரை முடிச்சு போட்டு, நனைச்சு, பலமா இழுங்க. சரியா இறுகினா பிரெய்ட் நிறம் ஒரு படி கருத்துத் தெரியும். வெளிறியே இருந்தா இறுகல, நழுவும். கருத்த பிறகு லீடர் வாலை வெட்டிட்டு, பிரெய்ட் மேல மட்டும் இன்னும் ஆறு அரை முடிச்சு. காத்துல நின்னு கட்ட வரலன்னா டபுள் யூனி போடுங்க, பிரெய்ட் பக்கம் 8 சுத்து, லீடர் பக்கம் 4. பிரெய்ட் வழுக்கும், அதுக்குச் சுத்து கம்மியாச்சுன்னா நிக்காது.

நெட்டுக்குப்பம்_லூர்:

இருக்கிற 30 எல்பி பிரெய்டைத் தூக்கிப் போடணுமா?

எர்ணாவூர் பாலம்:

வேண்டாம். ரீலோட இன்னொரு ஸ்பூல் கிடைச்சா அதுல பி.இ. 1 ஏத்துங்க, இது கல்லு இடத்துக்கு ஆகும். கிடைக்கலன்னா இந்த வாரம் இதே பிரெய்ட்ல 20 எல்பி லீடர், லூப் முடிச்சு, 14 கிராம் ஜிக், 1.2 கிலோ டிராக் வெச்சு, தண்ணி வத்த ஆரம்பிக்கிற முதல் ரெண்டு மணி நேரம் நில்லுங்க. அறுந்தா நுனியைத் தூக்கிப் போடாம ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றோம்.